ஒன்றுமில்லாத உடுப்பைப் பார்க்க ஒரு மேடை எதற்கு?

வாசகர் ஒருவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம் — 2024 யூன் 16, காலை

நேற்று மாலை நல்லூர்ப் பக்கத்தில், நடுவே முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடொன்றில், ஓர் இளம் வடிவமைப்பாளர் தைத்த கோடைகால உடைகளின் அணிவகுப்பு நடந்தது. அழைப்புக் கிடைத்துப் போயிருந்தேன். இருபத்தாறு உடுப்புகள் வந்தன. பெரும்பாலானவை வெள்ளை; மீதி சாம்பலும் மணல் நிறமும். கரையில்லை, பூவில்லை, சரிகையில்லை. என் அப்பாச்சி வீட்டிலே போட்டுத் திரிந்த தொளதொளத்த சட்டையை, அந்தச் சோட்டியை, ஒரு பெண் போட்டுக்கொண்டு நடக்க, நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஒன்றுமே இல்லாத ஓர் உடுப்பைப் பார்ப்பதற்கு நாற்காலி வரிசையும் விளக்கும் எதற்கு? போனவர்கள் யாராவது விளங்கப்படுத்துங்கள்.

தையல் ரீச்சர் — 2024 யூன் 16, இரவு

தம்பி, நானும் போயிருந்தேன். சிரித்துவிட்டு வருவோம் என்றுதான் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். பிள்ளைகள் தைத்த வெள்ளைத் துணிகளைக் கண்காட்சி மேசையில் குண்டூசி குத்தி விரித்து வைத்து, மேற்பார்வைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற வருடங்கள் அவை. இவர்கள் புதிதாக எதைக் காட்டிவிடப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் படலையைத் திறந்தேன்.

பிந்திப் போனதால் முற்றத்தைச் சுற்றிப் போட்டிருந்த கதிரைகள் நிரம்பியிருந்தன. வாசலில் நின்ற பிள்ளை உள்விறாந்தையின் மூலையில், உடுப்பு மாற்றும் அறை வாசலுக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுத் தந்தாள். அங்கிருந்து பார்த்தால் நடைவழியின் பாதியைத் தூண் மறைத்தது. நடைவழி என்பதும் மேடையல்ல, விறாந்தைச் சீமெந்துத் தரைதான். முற்றத்துக்கு மேலிருந்து விழுந்த ஐந்தரை மணி வெளிச்சந்தான் விளக்கு. நீங்கள் எந்த விளக்கைச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை.

ஓர் உடுப்பு என்னைக் கடந்துபோக எடுத்த நேரத்தை எண்ணிப் பார்த்தேன். பத்து மூச்சுக்கூட இல்லை. அந்த நேரத்தில் எந்த உடுப்பும் சோட்டியாகத்தான் தெரியும். அந்த அளவில் உங்கள் கேள்வி சரி.

தையல் ரீச்சர் — 2024 யூன் 17

நேற்று எழுதியது பாதிதான்.

தூண் மறைத்த பாதிக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது அறைக்குள்ளே இருந்த கம்பி. முகப்பூச்சு ஒட்டிவிடாமல் இருப்பதற்காக உடுப்புகளை உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நீங்கள் இருபத்தாறு உடுப்புகளின் முன்பக்கத்தைப் பார்த்தீர்கள். நான் அவற்றில் பத்துப் பன்னிரண்டின் உள்ளைப் பார்த்தேன்.

ஓவர்லொக் நூல் எங்குமே இல்லை. கடைச் சட்டையைப் புரட்டினால் ஓரமெங்கும் பூரான் போல ஓடுமே, அந்த நூல். இங்கே எல்லாம் பிரெஞ்சு மூட்டு. தையல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: துணியின் உட்புறங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து முதலில் ஒரு தையல் போட வேண்டும், ஓரத்தை அரைக்கால் அங்குலத்துக்கு நறுக்க வேண்டும், பிறகு திருப்பி மடித்து, நறுக்கிய விளிம்பு உள்ளே அடைபட்டுப் போகும்படி இரண்டாவது தையல் போட வேண்டும். ஒரு மூட்டுக்கு இரட்டை வேலை. மெல்லிய வெள்ளைத் துணியென்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் உள்ளே விட்ட பிழை வெளியே நிழலாக விழும். பூப்போட்ட துணி எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.

இதை நான் 1992-இலேயே படித்திருக்க வேண்டும். அப்போது இங்கே மின்சாரம் இல்லை. காலால் மிதிக்கும் மெசினில் பகலில் தைத்து, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் மடிப்பு அழுத்துவோம். செய்முறைப் பரீட்சைக்கு முதல்நாள் என் மாணவி ஒருத்தியின் வெள்ளைச் சட்டையில் ஒரு நெருப்புப் பொறி விழுந்து, மார்புப் பக்கத்தில் பயறளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. அவள் அழவில்லை. இரவோடிரவாகக் குப்பி விளக்கில் அந்த இடத்தில் ஒரு செவ்வரத்தம்பூவைத் தைத்து மூடினாள். மறுநாள் பார்க்க வந்தவர் அந்தப் பூவைத்தான் தொட்டுப் பாராட்டினார். நானும் பல காலம் அதை அவளுடைய கெட்டித்தனத்துக்கு உதாரணமாகச் சொல்லி வந்திருக்கிறேன். கெட்டித்தனந்தான், சந்தேகமில்லை. ஆனால் பூ இல்லாமல் தைத்துக்கொண்டு வந்த மற்றப் பதினெட்டுப் பிள்ளைகளின் சட்டைகளை நானும் அவரும் அன்றைக்கு ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தையல் ரீச்சர் — 2024 யூன் 17, பின்னேரம்

திருத்தம். எல்லாம் பிரெஞ்சு மூட்டு என்று எழுதியது மிகை. கைக்குழியில் அப்படியில்லை, அங்கே குறுக்கே வெட்டிய பட்டியால் ஓரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வளைவில் இரட்டை மூட்டு தடித்துப் போய் அக்குளில் உரசும் என்பதால் அதுவே சரியான முடிவு.

அப்பாச்சியின் சோட்டிக்குப் பொக்கற் இருந்ததா, தம்பி? இந்த உடுப்புகளுக்கு இருந்தது. பக்கத் தையலுக்குள்ளேயே, வெளியே தெரியாமல். என் கணிப்பில் அந்தப் பொக்கற்றுக்காகவே பாதிப் பெண்கள் வாங்குவார்கள்.

தையல் ரீச்சர் — 2024 யூன் 19

'கோடைகால உடை' என்ற பெயரை வைத்து இங்கே ஒருவர் கேலி செய்திருக்கிறார்: யாழ்ப்பாணத்தில் எப்போது கோடை இல்லை? நியாயந்தான். இந்தப் பிரிவு நம்முடையதல்ல. பாரிசில் பெண்களுக்கான கோடை உடுப்புகளை அதற்கு முந்திய செப்ரெம்பர், ஒக்ரோபரிலேயே காட்டிவிடுவார்கள். கடைக்காரர் பார்த்துக் கட்டளை கொடுத்து, தைத்து, கப்பலேற்ற ஆறு மாதம் வேண்டும். அணிவகுப்பு என்பதே அந்த வியாபாரத்துக்காக வந்த வழக்கம். பாரிசில் 1858-இல் கடை திறந்த சாள்ஸ் வேர்த் என்ற ஆங்கிலேயர், உடுப்பை மரப் பொம்மைக்குப் போடாமல் உயிருள்ள பெண்களுக்குப் போட்டு வாடிக்கையாளர் முன் நடக்கவிட்டார். துணி நடக்கும்போது எப்படி விழுகிறது என்பதைப் பொம்மை காட்டாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மேடை இல்லாததைக் குறையாகச் சொன்னவருக்கும் ஒரு செய்தி. 1989-இல் மார்ட்டின் மார்ஜியேலா என்ற பெல்ஜிய வடிவமைப்பாளர் தம் கோடை உடுப்புகளைப் பாரிசின் ஓரத்தில் ஒரு பாழடைந்த விளையாட்டுத் திடலில் காட்டினார். அயலிலிருந்த சிறுபிள்ளைகள் நடுவே ஓடி விளையாடினார்கள். நல்லூர் நாற்சார் வீடு அதைவிட எவ்வளவோ மேல். குறைந்தது பூனை ஒன்றுதான் குறுக்கே போனது.

நமக்குக் கோடை என்பது காற்றால் பிரிவது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் தளர்ந்த உடுப்புப் போட்டால் உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று நுழைந்து வெளியேறும், வியர்வை காயும். சோளகம் விழுந்து, வடகிழக்கிலிருந்து வாடை தொடங்குமுன் வருகிற அந்தப் புழுக்கத்தில்தான் உடுப்பின் குணம் தெரியும். அணிவகுப்பிலே நான்கு பக்கமும் பெரிய மின்விசிறிகளை வைத்துவிட்டார்கள். துணி அசைந்தது அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது விசிறியின் அசைவு. இதை நான் அவர்களுக்கு எதிராகவே எழுதிவைக்கிறேன்.

வெள்ளைதான் குளிர்ச்சி என்று எழுதியவருக்கு: சினாய்ப் பாலைவனத்தில் பெடோயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்து 1980-இல் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கி அதிக வெப்பத்தை வாங்கியது உண்மை. ஆனால் அங்கி தளர்வாக இருந்ததால் அந்த வெப்பம் தோலை அடையுமுன்னரே வெளியேறிவிட்டது. வெள்ளை அணிந்தவருக்கும் கறுப்பு அணிந்தவருக்கும் தோலில் வித்தியாசம் இல்லை. அது உலர்ந்த, காற்றடிக்கும் நிலம். இங்கே காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. ஆனாலும் வெட்டுத்தான் முதலில், நிறம் பிறகு என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. சாறத்தைக் கண்டுபிடித்தவருக்கு இது எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

தையல் ரீச்சர் — 2024 யூன் 20

வெள்ளையைப் பற்றி இன்னொன்று. இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு முன்னால் இருந்த அம்மா, முதல் மூன்று வெள்ளை உடுப்புகள் வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் "செத்தவீட்டுக்குப் போற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான்காவதாக, நாற்பது வயது கடந்த ஒரு பெண் நடந்து வந்தார். கணுக்கால்வரை இறங்கிய வெள்ளைச் சட்டை, முழங்கைக்குக் கீழே வரும் கை, கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் ஒன்றுமில்லை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

என் சின்னம்மா இருபத்தொன்பது வயதில் விதவையானவர். அதற்குப் பிறகு நாற்பது வருடம் வெள்ளை நூல் சீலைதான். நல்ல சீலைகளை என் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கொடுத்துவிட்டார். நான் முதற் சம்பளத்தில் அவருக்கு ஒரு வெளிர்நீல வொயில் சீலை வாங்கிக்கொண்டு போனபோது, தடவிப் பார்த்து, "நல்ல துணி" என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்தார். உடுத்தவேயில்லை. ஆண்கள் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளையாகலாம், கோயிலுக்குப் போகலாம், சபையில் இருக்கலாம். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்து கதருக்கு நிதி சேர்த்த காலத்தில், வெள்ளை முரட்டுத் துணி உடுத்துவது படித்த இளைஞருக்குப் பெருமையாகவே இருந்தது. அதே வெள்ளை ஒரு பெண்ணின் மேல் வந்தால் நாம் முதலில் பார்ப்பது அவள் நெற்றியை.

இந்த வடிவமைப்பாளர் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பிள்ளை. அங்கே 'அடக்கமான உடுப்பு' என்றால் பணம் இருந்தும் காட்டாமல் இருப்பது. இங்கே அடக்கம் என்பது பல பெண்களுக்குத் தாங்கள் தெரிவு செய்யாமல் வந்த ஒன்று. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாமல்தான் அந்த நான்காவது உடுப்பை அனுப்பினார் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நாற்பது வயதுப் பெண்ணை அதற்கெனத் தேடிப் பிடித்திருக்கிறார். மற்ற எல்லோருக்கும் சிறு தோடாவது இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. அவர் மிக மெதுவாக நடந்தார். நான் மூச்சை எண்ண மறந்துபோனது அந்த ஒரு தடவைதான்.

தையல் ரீச்சர் — 2024 யூன் 23

பெரிய திருத்தம். முதலில் என் மேல்.

அணிவகுப்பு முடிந்து வெளியே வரும்போது, 'எல்லாம் தூய லினன்' என்று பக்கத்தில் நின்றவருக்கு நான் உறுதியாகச் சொன்னேன். அவர் இந்தப் பதிவுகளை வாசிக்கிறார், அதனால் எழுதுகிறேன். அறை வாசலில் கிடந்த ஒரு நறுக்குத் துணியைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதிலிருந்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூலொன்றையும் குறுக்கே ஓடும் ஊடு நூலொன்றையும் உருவித் தனித்தனியே கொளுத்தினேன். இரண்டும் கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலானது, ஆகவே பொலியெஸ்டர் இல்லை. இருந்திருந்தால் உருகிக் கறுத்த மணியாகக் கட்டியிருக்கும். ஆனால் நெருப்பு லினனையும் பருத்தியையும் பிரித்துச் சொல்லாது. நூலின் முறுக்கை அவிழ்த்துப் பார்த்தேன். ஊடு நூலின் இழைகள் நீளமாக, விறைப்பாக இருந்தன. பாவு நூலின் இழைகள் குட்டையாக, பஞ்சுபோல இருந்தன. பாவு பருத்தி, ஊடு லினன். கலப்புத் துணி.

இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. அழைப்பிதழில் எங்கும் தூய லினன் என்று போடவில்லை; பெருமைக்காக நான்தான் போட்டுக்கொண்டேன். கலந்ததற்குக் காரணமும் உண்டு. லினன் ஆளிச் செடியின் தண்டிலிருந்து வருகிறது. குளிர்ந்த, ஈரமான நிலத்தில், பிரான்சின் வடக்கிலும் பெல்ஜியத்திலும் விளைவது; நமக்கு முழுக்க இறக்குமதி. நூலுக்கு இழுபடும் தன்மை மிகக் குறைவு, ஆகவே உட்கார்ந்து எழும்பினால் கசங்கும். ஈரம் வாங்குவதில் மட்டும் பருத்தியால் அதை வெல்ல முடியாது: சாதாரண ஈரப்பதத்தில் தன் நிறையில் நூற்றுக்கு 12 பங்கு லினன் பிடித்துவைக்கும், பருத்தி எட்டரை, பொலியெஸ்டர் அரைகூட இல்லை. நம் பிள்ளைகளின் பாடசாலை வெள்ளைச் சட்டைகளில் பலவும் பொலியெஸ்டர் கலந்தவை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர்கள் முதுகைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

தையல் ரீச்சர் — 2024 யூன் 30

விலை. பலர் கேட்டுவிட்டீர்கள். பொக்கற் வைத்த நீளச் சட்டை 18,500 ரூபா. நானும் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

துணி இரண்டரை மீற்றர். மூட்டெல்லாம் இரட்டை. தெறி (பொத்தான்) ஓட்டைகள் ஏழும் கையால் தைத்தவை. என் வேகத்தில் ஓர் ஓட்டைக்கு இருபது நிமிடம். வெட்டு, தையல், கை வேலை எல்லாம் சேர்த்து நானென்றால் இரண்டு நாள் எடுப்பேன், அதுவும் யாரும் தேத்தண்ணி கேட்காமல் இருந்தால். இரண்டு நாள் கூலியையும் துணியையும் கூட்டினால் விலையில் பாதியைத் தாண்டும். மீதி இடத்துக்கும் நடந்த பிள்ளைகளுக்கும் விசிறிகளுக்கும் அவருக்கும். கொள்ளை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாங்கவும் முடியவில்லை.

சரிகைச் சீலைக்கு இதைவிடப் பல மடங்கு கொடுத்துவிட்டு, இதற்கு மட்டும் 'என்ன இருக்கிறது இதில்' என்று கேட்கிறோம். நானும் கேட்டவள்தான்.

தையல் ரீச்சர் — 2024 யூலை 14

வாங்கவில்லை, தைத்துப் பார்த்தேன். என் கணவருடைய எட்டுமுழ வேட்டி ஒன்று உடுத்தாமலே அலுமாரியில் கிடந்தது. (அவர் இறந்து ஆறு வருடம். நான் வெள்ளை உடுத்துவதில்லை என்று தீர்மானித்தவள், அதுவும் ஆறு வருடம்.) எட்டு முழம் என்பது ஏறத்தாழ நான்கு யார். கரையை வெட்டி எடுத்துவிட்டேன். பிறகு மனம் கேளாமல் அதையே பொக்கற் வாய்க்கு உட்புறமாக வைத்தேன்.

வெட்டும்போதுதான் அந்த வடிவமைப்பாளரின் வேலை விளங்கியது. உடம்போடு ஒட்டத் துணியைப் பிடித்துத் தைக்கிற டாட் இல்லை, இடுப்பில் சுருக்கு இல்லை. ஆனாலும் முதுகில் சாக்குப் போலத் தொங்கவில்லை. தோள் தையலை அவர் முன்பக்கமாக ஓர் அங்குலம் நகர்த்தியிருக்கிறார். அறுபத்தைந்து வயதுத் தோள் முன்னே குனிந்திருப்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் நினைவிலிருந்து வெட்டியதால் கைக்குழி ஒடுங்கிவிட்டது. கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே தூக்குகிறது. தேங்காய் துருவலாம், கொடியில் உடுப்புக் காயப்போட முடியாது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துவிட்டு, "ரீச்சர், இதுக்கு மேல என்ன போடுவீங்கள்?" என்று கேட்டாள்.

தையல் ரீச்சர் — 2024 ஓகஸ்ட் 4

ஐந்து தடவை தோய்த்தாகிவிட்டது. சட்டை வெள்ளையாக இல்லை. பழைய கடதாசி நிறத்துக்கு இறங்குகிறது. நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுகிறவை. சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து துணியில் படியும். அலசலில் இரண்டு துளி நீலம் விட்டுப் பார்த்தேன். கைக்கு அருகில் திட்டாகிவிட்டது. நீலத்தை வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் துணியைப் போட வேண்டும் என்று முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான்.

இதைப் பற்றி அந்த வடிவமைப்பாளருக்கு எழுதினேன். மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். வாங்கிய நால்வர் இதையே முறையிட்டிருக்கிறார்களாம். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் தோய்த்துப் பார்த்துவிட்டுத்தான் துணியைத் தெரிவு செய்தாராம். "மழைத் தண்ணி பிடிச்சு வையுங்கோ எண்டு சீட்டிலை போடட்டோ, ரீச்சர்?" என்று கேட்டார். வாடை மழை வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பிள்ளை, என்றேன். பேச்சு அங்கிருந்து மணல் நிறத் துணிகளுக்குப் போனது. அடுத்த தடவை வெள்ளையைக் குறைத்து அவற்றைக் கூட்டலாமா என்று யோசிக்கிறார். அந்த நான்காவது உடுப்பை மட்டும் வெள்ளையிலேயே விடுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை என் சட்டையைப் பார்க்க வருகிறாராம். கைக்குழியின் வெட்டுத்தாளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். திருநெல்வேலித் தம்பிக்கு நேரமிருந்தால் அப்பாச்சியின் சோட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வரலாம். அதன் தோள் தையல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.